ஒரு வாரம் ஃப்ரிட்ஜ் கதவை எண்ணினோம்

பழைய வீட்டில் எங்களிடம் இருந்தது மேலே ஃப்ரீசர், கீழே ஃப்ரிட்ஜ் என்ற பழகிய டபுள் டோர். 12 வருஷம் உழைத்தது, அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் காய்கறி டிரே தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில்தான் இருந்தது. அம்மா எங்களோடு வந்து தங்கிய பிறகுதான் அந்த ஒரு ஜாண் என் கண்ணில் பட்டது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கீரைக்கட்டை எடுக்க வேண்டுமென்றால் ஒரு கையால் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குவார், டிரேயை இழுப்பார், வேண்டியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி அதே கதவைப் பிடித்து எழுந்திருப்பார். ஒருநாள் அப்படி எழும்போது கதவு அவர் பக்கமாக ஆடியது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "ஒண்ணுமில்லடி, குனிஞ்சு நிமிர்ந்ததுல கண்ணு கொஞ்சம் இருட்டிக்கிச்சு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் புது வீட்டு வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது. சமையல் மேடை கட்டியாயிற்று, அலமாரிகளுக்குத் தச்சர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜுக்கென்று சுவரோரம் ஓர் இடம் விட்டிருந்தோம், அவ்வளவுதான். எந்த வகை என்று யாரும் யோசிக்கவில்லை. புது வீடு என்றாலே இரண்டு உயரமான கதவு வைத்த சைட் பை சைட்தான் என்று வீட்டில் எல்லோரும் பேசினோம், நானும்தான். தச்சர் கேட்ட கேள்விதான் எங்களை நிறுத்தியது. "எவ்வளவு அகலம் விடணும், கதவு எந்தப் பக்கம் திறக்கும்? அதைச் சொன்னாத்தான் பக்கத்து அலமாரி அடிக்க முடியும்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்: அலமாரி அடிக்கும் முன்பே ஃப்ரிட்ஜின் வகையை முடிவு செய்துவிடுங்கள். அடித்த பிறகு, மிஞ்சிய சந்துக்குள் எது நுழையுமோ அதைத்தான் வாங்க முடியும்.

கடைக்குப் போகும் முன் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "நாம எதை எத்தனை தடவை திறக்கிறோம்னு முதல்ல பார்ப்போம்." ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டார். ஃப்ரீசரைத் திறந்தால் இடது பத்தியில் ஒரு கோடு, ஃப்ரிட்ஜைத் திறந்தால் வலது பத்தியில் ஒரு கோடு. நான் இன்னொன்றைச் சேர்த்தேன்: குனிந்து எடுத்திருந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். மகள் முதல் நாளே இதை உற்சாகமாகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் தவறாமல் போட்டார்.

7 நாள் கழித்து எண்ணினோம். ஃப்ரிட்ஜ் கதவு ஒரு நாளைக்கு 30 முறைக்குக் குறையவில்லை. விடுமுறை நாளில் 45 வரை போயிருந்தது. ஃப்ரீசர் நாளுக்கு 3 அல்லது 4. வலது பத்தியில் ஏறக்குறைய பாதிக் கோடுகளுக்கு வட்டம் விழுந்திருந்தது. அதாவது, நாளெல்லாம் தேடிப் போகிற காய்கறியும் பழமும் மிச்சச் சாப்பாடும் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. எப்போதாவது திறக்கிற ஃப்ரீசரோ கண்ணுக்கு நேராக, எல்லாவற்றிலும் வசதியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஃப்ரீசர் ஏன் மேலே வந்தது என்பதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். குளிர்விக்கும் பகுதியை உச்சியில் வைத்துவிட்டால் அங்கிருந்து இறங்கும் குளிரே கீழ்த் தட்டுகளையும் குளிர்வித்துவிடும், விசிறி தேவையில்லை. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜுகளில் இன்றும் இப்படித்தான். படியும் ஐஸைத் தானாகவே கரைத்துவிடும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் விசிறிதான் காற்றைத் தள்ளுகிறது. அதனால் ஃப்ரீசர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் வேலை நடக்கும். அதன் இடத்தை நம் உடம்புக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இது எனக்குப் புரிந்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

இதற்காக மேலே ஃப்ரீசர் வைத்த டபுள் டோரை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே கொள்ளளவில் எடுத்துக்கொண்டால் பொதுவாக விலையும் குறைவு, மின்சாரமும் குறைவு, பழுதாக வாய்ப்புள்ள பாகங்களும் குறைவு. முதுகும் முழங்காலும் நன்றாக இருக்கிற வீட்டில் நான் இன்றும் அதைத்தான் சொல்வேன். சிங்கிள் டோரைப் பற்றி ஒரு வரி போதும்: ஒருவர் இருவர் இருக்கிற வீட்டுக்குச் சிக்கனம், ஆனால் ஐஸ் படிவதை அவ்வப்போது நாமே கரைக்க வேண்டும். அவசரத்தில் கத்தியால் குத்திப் பெயர்க்கக் கூடாது. உள்ளே ஓடும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜ் போச்சு.

சைட் பை சைட் ஆசை எனக்குப் போனது அக்கா வீட்டில். அக்கா அதை 3 வருஷமாக வைத்திருக்கிறாள். வீட்டு வேலைக்காக அலைந்தபோது அவள் வீட்டில் 4 நாள் தங்கினோம். முதல் நாள் மாலை, கேக் வைத்திருந்த அகலத் தட்டை உள்ளே வைக்கப் போனேன். நுழையவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் 90 செ.மீ. அகலம், அதை நெடுக இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் ஃப்ரீசருக்குப் போய், சுவர்களின் கனமும் போனால் ஃப்ரிட்ஜ் பக்கத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். ஃப்ரீசர் பக்கம் இன்னும் ஒடுக்கம். அகலமான பாத்திரம் வைத்துப் புழங்குகிற வீட்டில் இது தினமும் உறுத்தும். அக்காவே சொன்னாள், "லிட்டர் நெறைய இருக்கு, ஆனா எதையும் நிமிர்த்தித்தான் வைக்கணும்."

அம்மா அங்கே செய்ததைத்தான் நான் அதிகம் கவனித்தேன். காலையில் பழம் எடுக்கப் போனவர் கதவைப் பிடித்துக்கொண்டு பழையபடி இறங்கினார். காய்கறி டிரே சைட் பை சைடிலும் அடியில்தான்! இத்தனை பெரிய ஃப்ரிட்ஜில் அம்மாவின் கஷ்டம் இம்மியும் குறையவில்லை.

அந்த வகைக்கு உரிய நன்மையையும் சொல்லியாக வேண்டும். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் இரண்டுமே தரையிலிருந்து தலை வரை நீள்வதால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் குள்ளமானவரும் இரண்டிலும் ஏதாவதொரு தட்டை எட்டிவிடலாம். ஒவ்வொரு கதவும் ஒடுக்கமானது, திறக்க முன்னால் குறைந்த இடம் போதும். நடைபாதை நெருக்கமான சமையலறைக்கு அது பெரிய விஷயம். உறைய வைத்த உணவை நிறையப் புழங்குகிற குடும்பமாக இருந்தால், எங்கள் தாளில் இடது பத்தியும் வலது பத்தியும் சமமாக நிரம்பியிருந்தால், நானும் அதையே வாங்கியிருப்பேன்.

அடுத்து ஃப்ரெஞ்ச் டோர். மேலே இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், கீழே இழுக்கும் ஃப்ரீசர். உள்ளே தட்டு முழு அகலம், கதவு பாதி அகலம், காய்கறி டிரே இடுப்புக்கு அருகில். பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் நாங்கள் பார்த்தவை 90 செ.மீ. அகலத்தை ஒட்டியே இருந்தன. எங்கள் இடம் 78 செ.மீ. இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு மடிப்புப் பட்டை இருக்கும். கதவு மூடும்போது இடைவெளியை அடைப்பது அதுதான். அது மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு சரியாக மூடாது. வாங்குபவர்கள் கடையிலேயே பத்து முறை மூடித் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆக, மிஞ்சியது பாட்டம் ஃப்ரீசர்: மேலே ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், கீழே மூன்று இழுப்பறை வைத்த ஃப்ரீசர், 60 செ.மீ. அகலம், 190 செ.மீ. உயரம். கடையில் அம்மாவை அதன் முன் நிற்கச் சொன்னேன். "உங்க வீட்டுல மாதிரியே ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்கம்மா" என்று விற்பனையாளரும் பொறுமையாகக் கதவைத் திறந்து வைத்தார். காய்கறி டிரே அம்மாவின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வந்தது. லேசாகச் சாய்ந்தால் போதும், கால் மடக்க வேண்டாம். ஆனால் உச்சித் தட்டு அவருக்கு எட்டவில்லை. 150 செ.மீ. உயரம் உள்ளவருக்கு அந்தத் தட்டு இல்லாததற்குச் சமம். அதை ஒப்புக்கொண்டுதான் வாங்கினோம். வீட்டில் யார் அதிகம் புழங்குகிறாரோ அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். படத்தைப் பார்த்தோ அளவைப் படித்தோ இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

வகை முடிவாகிவிட்டது. அதைவிடக் கடினமான வேலை இடம் அளப்பது. பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான் என்று நினைக்கிறேன், நாங்களும் மயிரிழையில் தப்பினோம்.

எங்கள் இடத்தின் இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் சமையல் மேடை. கடையில் பார்த்த ஃப்ரிட்ஜுக்குக் கீல் வலப்பக்கம். அப்படியே வைத்தால் கதவு மேடைப் பக்கமாகத் திறக்கும். எடுத்த பாத்திரத்தை மேடையில் வைக்க வேண்டுமென்றால் நடுவே திறந்த கதவு நிற்கும். ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கைப்பிடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில்தான் பொருளை இறக்கிவைக்க இடம் வேண்டும். குறைந்தது 38 செ.மீ. மேடை அங்கே இருக்க வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு. ஆகவே கீலை இடப்பக்கம், அதாவது சுவர்ப்பக்கம், மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜ் பகுதிக்கு ஒற்றைக் கதவு உள்ள வகைகள் பலவற்றில் கீலை இடம் மாற்றலாம்; சைட் பை சைடிலும் ஃப்ரெஞ்ச் டோரிலும் அந்த வசதி கிடையாது. எல்லா மாடலிலும் முடியாது என்பதால் வாங்கும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கீலைச் சுவர்ப்பக்கம் மாற்றினால் வேறொரு சிக்கல் வரும். புது வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஃப்ரிட்ஜின் அடிப்பாகத்தை வரைந்தோம். கீல் இருக்கும் மூலையில் நூலின் ஒரு முனையை மகள் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிக் கதவு சுழலும் வளைவை நான் வரைந்தேன். கதவின் கனத்தையும் கைப்பிடியின் கனத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காது என்று தெரிந்தது. 90 டிகிரி போதாதா? போதாது. கதவின் உட்புற அலமாரிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். காய்கறி டிரேயை முழுதாக இழுக்க வேண்டுமானால் பல மாடல்களில் கதவு அதைவிட அகலமாகத் திறந்தாக வேண்டும். யாருக்காக இந்த வகையைத் தேர்ந்தெடுத்தோமோ, அவருக்கு வேண்டிய டிரேயே பாதியில் சிக்கி நின்றிருக்கும்.

தச்சரிடம் சொன்னோம். சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே 12 செ.மீ., மேடைப் பக்கம் 6 செ.மீ., நடுவில் 60. எங்கள் 78 அங்கே தீர்ந்துபோனது. ஃப்ரிட்ஜ் மாடலின் அளவுத் தாளில் 'கதவு மூடிய நிலை', 'கதவு 90 டிகிரி திறந்த நிலை', 'முழுதும் திறந்த நிலை' என்று தனித்தனி அகலமும் ஆழமும் போட்டிருக்கும். வெறும் உயரம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஆழத்தையும் தனியாகப் பாருங்கள். சமையல் மேடை வழக்கமாக 60 செ.மீ. ஆழம். பெரிய ஃப்ரிட்ஜுகள் கதவோடு சேர்த்து 70 செ.மீ.யைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், பின்புறம் காற்றுக்கு விடும் இடம் வேறு. மேடை ஆழத்துக்கு ஒட்டியே செய்யப்பட்ட மெல்லிய வகைகளும் உண்டு. பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதே அகலத்துக்குக் கொள்ளளவு குறையும்.

காற்றுக்கு விடும் இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை ஃப்ரிட்ஜ் வெளியேதான் தள்ளியாக வேண்டும். பின்புறமோ பக்கவாட்டோ சூடாவது அதனால்தான். அலமாரிக்குள் இறுக்கி வைத்தால் அந்த வெப்பம் போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், மின் கட்டணம் ஏறும். எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். முற்றிலும் அலமாரிக்குள் மறைத்து வைக்க ஆசைப்படுபவர்கள் அதற்கென்றே செய்யப்பட்ட பில்ட் இன் வகையைத்தான் வாங்க வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜுக்குக் கதவடித்து மூடக் கூடாது.

வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் வருகிற வழியையும் அளந்தோம். வாசல் நிலை, லிஃப்டின் கதவும் உயரமும், சமையலறைக்குத் திரும்பும் மூலை. பெட்டியோடு சேர்த்து அளவெடுங்கள். மூலையில் திருப்ப இடம் போதாவிட்டால் பல மாடல்களில் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுபோகலாம், அதைப் பழகியவர்தான் செய்ய வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்தால் கம்ப்ரசரில் உள்ள எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்தி வைத்து, கையேடு சொல்கிற நேரம் வரை காத்திருந்துதான் ஸ்விட்ச் போட வேண்டும்.

அநேகமாக யாரும் பார்க்காத ஒன்று: ஃப்ரிட்ஜின் உட்சுவரிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் தகவல் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு என்று சில எழுத்துகள் இருக்கும். 'எஸ்என்' (SN) என்றால் சுற்றுப்புறம் 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை, 'என்' (N) என்றால் 16 முதல் 32, 'எஸ்டி' (ST) என்றால் 16 முதல் 38, 'டி' (T) என்றால் 16 முதல் 43. இரண்டு வகுப்பைச் சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டின் எல்லையும் பொருந்தும். எங்கள் புதுச் சமையலறையில் மேற்கு வெயில் இறங்கும். வெயில் காலத்து மதியம் ஒன்றில் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், 37 காட்டியது. 'என்' வகுப்பு ஃப்ரிட்ஜை அங்கே வைத்து, 'சரியாகக் குளிரவில்லை' என்று யாரைக் குறை சொல்ல முடியும்? எஸ்என், டி இரண்டும் சேர்ந்திருந்த மாடலை எடுத்தோம். குளிர் நாட்டில், வெப்பமூட்டாத அறையில் ஃப்ரிட்ஜ் வைப்பவர்களுக்கும் இதே எழுத்துகள்தான் வழிகாட்டி. அவர்கள் பார்க்க வேண்டியது கீழ் எல்லையை.

மகளின் ஆசை, கதவிலேயே தண்ணீரும் ஐஸும் வருகிற வகை. அவளோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசினோம். அதற்குத் தனிக் குழாய் இணைப்பு வேண்டும், வடிகட்டியை ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஐஸ் இயந்திரம் உள்ளே ஒரு நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரமும் சற்றுக் கூடும். குழாய் வேண்டாத, நாமே நிரப்பும் தொட்டி வைத்தவையும் உண்டு. தொட்டியைக் கழுவுவதில் யாராவது கவனமாக இருந்தால் சரி. எங்கள் வீட்டில் ஐஸ் தேவைப்படுவது அபூர்வம் என்று அவள் போட்ட கோடுகளே காட்டின. அவளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டை முழுதாக அவளுக்கே கொடுத்தோம். சம்மதித்தாள்.

எத்தனை லிட்டர் என்பதை நாங்கள் கடைசியில்தான் யோசித்தோம். பழைய ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். காலாவதியான பாட்டில்களும், திறந்து மறந்த பொட்டலங்களும் கிட்டத்தட்ட ஒரு தட்டு தேறின. அவற்றைக் கழித்தால் இருக்கிற அளவே எங்கள் நால்வருக்குப் போதுமாக இருந்தது. அதைவிடச் சற்றுப் பெரிதாக, 340 லிட்டரில் நிறுத்திக்கொண்டோம். கொள்ளளவில் இரண்டு எண் சொல்வார்கள்: மொத்தம் ஒன்று, பொருள் வைக்கப் பயன்படும் அளவு ஒன்று. ஒப்பிடும்போது இரண்டாவதைத்தான் ஒப்பிட வேண்டும். ஃப்ரீசருக்கு எவ்வளவு, ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு என்று பிரித்தும் கேளுங்கள். ஒரே மொத்த லிட்டர் உள்ள இரண்டு மாடலில் இந்தப் பங்கு வெகுவாக மாறும். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்பது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும்; சத்தமும் மின்சாரமும் குறைவு. எங்கள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை என்பதால் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கவில்லை. மின்சாரத்துக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணை ஒப்பிடுங்கள். கொள்ளளவு வேறுபடும்போது மின்சிக்கனத்தைக் காட்ட ஒட்டியிருக்கும் நட்சத்திரமோ எழுத்தோ மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பழைய ஃப்ரிட்ஜை என்ன செய்வது என்ற கேள்வியும் வந்தது. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஃப்ரிட்ஜைக் குளிர்விக்கப் பயன்பட்ட, ஓசோனைக் கெடுக்கும் கேஸ்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அதற்குப் பின் வந்த ஆர்134ஏ ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். எங்கள் பழையதில் இருந்தது அதுதான். புதியதில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் கேஸ்தான், ஆனால் உள்ளே இருப்பது சில பத்து கிராம். குழாயைக் குத்திச் சேதப்படுத்தாமல் இருந்தால் போதும். பழையதைக் கேஸை முறையாக உறிஞ்சி எடுப்பவர்களிடம் சேர்த்தோம். கொடுக்கும் வரை அது வராந்தாவில் நின்றபோது கதவைக் கழற்றி வைத்தார் என் கணவர். விளையாட்டாகக் குழந்தைகள் உள்ளே புகுந்து கதவு சாத்திக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. யார் வீட்டிலும் இதை மறக்கக் கூடாது.

புதியது வந்த அன்று, நிமிர்த்தியபடியே கொண்டுவந்தார்கள். முன்பக்கக் கால்களைச் சற்றே உயர்த்திச் சமப்படுத்தினோம். அப்போதுதான் விட்ட கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் காலியாகவே ஓடவிட்டோம். நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்து இரவு முழுக்க விட்டு, காலையில் பார்த்தேன்: 6 டிகிரி. ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரு படி குறைத்து மறுநாள் பார்த்தபோது 3 காட்டியது. அதன் பிறகுதான் பால் உள்ளே போனது. அதுவும் கதவில் இல்லை, தட்டில். கதவு அலமாரிதான் ஃப்ரிட்ஜில் அதிகம் சூடேறும் இடம்.

இப்போது 7 மாதம் ஆகிறது. குறைகள் இல்லாமல் இல்லை. ஃப்ரீசர் இழுப்பறை ஆழமானது. மேலே வைத்தது கீழே உள்ளதை மறைத்துவிடும். இரண்டு முறை, இருக்கிற பட்டாணியே மறுபடி வாங்கி வந்துவிட்டோம். இப்போது எதையும் படுக்கப் போடாமல் புத்தகம் போல நிறுத்தி வைத்து, உள்ளே இருப்பதைக் கதவில் ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். உச்சித் தட்டில் அபூர்வமாக எடுக்கும் பாட்டில்கள் மட்டும். கீரையையும் ஆப்பிளையும் ஒரே டிரேயில் போட்டபோது கீரை சீக்கிரம் மஞ்சளானது. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவின் வேலை அது. இரண்டு டிரேக்கும் பிரித்துவிட்டேன். சுவரோரம் விட்ட 12 செ.மீ. சந்தில் தூசி சேர்கிறது, மாதம் ஒருமுறை நீளத் துடைப்பத்தை விட வேண்டியிருக்கிறது. ஒருநாள் மின்சாரம் 5 மணி நேரம் போனது. மூடியே வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் பகுதி 4 மணி நேரம் வரை தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. கடைசி ஒரு மணி நேரத்தின் பொருட்டு மீனையும் பாலையும் வெளியேற்றினோம், ஃப்ரீசரைத் தொடவே இல்லை.

போன மாதம் பழைய தாளைப் போலவே ஒன்றை மகள் தயாரித்து, அதே நூலில் பென்சிலைக் கட்டிப் புது ஃப்ரிட்ஜில் தொங்கவிட்டாள். மறுபடி 7 நாள். கோடுகள் முன்பு போலவே நிறைய, வட்டம் மொத்தம் 4தான். ஒன்று என்னுடையது. மூன்று அம்மாவுடையவை: அடி இழுப்பறையிலிருந்து பேத்திக்கு ஐஸ்க்ரீம் டப்பாவை எடுக்கக் குனிந்திருக்கிறார். அன்றைக்கே அந்த டப்பாவை மேல் இழுப்பறைக்கு மாற்றினேன்.